1944 ஓட்டைக் காலணா, ஆனா நடுவுல ஓட்டை இல்ல. மிண்ட் எரரா (நாணயச்சாலையிலயே நடந்த தப்பா), யாராச்சும் செஞ்சதா?

வைகைக்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம், இங்க புதுசு, தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்கங்க. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊர்ல பூசை அலமாரிய ஒதுக்குனப்ப ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய சில்லறை கெடச்சுச்சு, அதுக்கு பக்கத்துல தனியா ஒரு மஞ்சத்துணியில முடிஞ்சு ஒரே ஒரு காசு. கிரீடம் இருக்கு, இங்கிலீஷ்ல இந்தியான்னு இருக்கு, 1944 போட்ருக்கு, திருப்புனா இலை வளையம். எல்லாம் ஓட்டைக் காலணா மாதிரியேதான் ஆனா ஓட்டை மட்டும் இல்ல!! நடு வட்டம் மூடியிருக்கு. யூடியூப்ல ஒருத்தர் இந்த மாதிரி காசு 5 லட்சம் போகும்ங்குறாரு. கருப்பா பாசி புடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு புளி போட்டு நல்லா தேய்ச்சு பளிச்சுன்னு ஆக்கி போட்டோ எடுத்துருக்கேன். 4 போட்டோ போட்ருக்கேன், பாத்து சொல்லுங்க அண்ணே.

சில்லறை_சுமதி:
புளியா!!! தம்பி தம்பி தம்பி. 80 வருஷமா அந்தக் காசு மேல படிஞ்ச நெறத்த அஞ்சு நிமிசத்துல உரிச்சுட்டியேப்பா. பித்தள குத்துவெளக்கு இல்ல இது. இனிமே எந்தக் காசு கெடச்சாலும் தண்ணியில அலசி துணியில ஒத்தி எடுக்குறதோட நிறுத்திக்கோ, புளி, எலுமிச்சம்பழம், கோல்கேட் எதுவும் கூடாது. சரி போனது போச்சு. எடை என்ன? அது இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது.

எரர்ராஜா:
சூப்பர் ஃபைண்ட் ப்ரோ, கங்கிராட்ஸ். ஓட்டை போடுற மிஷின்ல ஒரு பிளான்க், அதாவது இன்னும் அடிக்காத வெறும் வட்டத் தகடு, தப்பிச்சுப் போய் அப்படியே உருவம் பதிக்கிற அச்சு, அதான் டை, அதுக்குள்ள போயிருக்கு, இதெல்லாம் மிண்ட்ல நடக்குறதுதான். அவசரப்பட்டு வித்துறாதீங்க, எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க.

தாமிரபரணி_டேவிட்:
எரர்ராஜா போட்டோவப் பாத்தீரா இல்லையா, பாத்த உடனே கங்கிராட்ஸா. வைகைத்தம்பி, யாருக்கும் தனியா மெசேஜ் அனுப்பாதீங்க, எல்லாம் இங்கயே பேசுங்க.

எரர்ராஜா:
ஹெல்ப் பண்ணத்தான் சொன்னேன் ப்ரோ, எதுக்கு கோவம்.

கொங்கு_நோட்டு:
ஏனுங்க, அரிசி பக்கத்துல வெச்சுப் பாத்தீங்களா, இழுக்குதுங்களா 😂

வைகைக்கரையான்:
அரிசியா? புரியல அண்ணே.

கொங்கு_நோட்டு:
புரியாம இருக்கறதே நல்லதுங்க. ரைஸ் புல்லிங்னு சொல்லி அரிசிக்குள்ள இரும்புத்தூள கலந்துட்டு அடியில காந்தத்த வெச்சு, பழைய காசு அரிசிய இழுக்குது, கோடிக்கணக்குல போகும்னு நம்ப வெச்சு எத்தன பேரு தோட்டத்த வித்துருக்கறாங்க தெரியுங்களா. எங்க பெரியப்பா பையனே அதுல மாட்டி ரெண்டு மாட்ட வித்தான். அதுல வர்ற காசும் பாத்தீங்கன்னா கம்பெனி காசு 1818ன்னு போட்டு அனுமாரு, ராமரு பட்டாபிஷேகம்னு அடிச்சிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லீங்க, அத்தனையும் பின்னாடி எவனோ அடிச்சு வித்தது.

தாமிரபரணி_டேவிட்:
அந்த 5 லட்சம் கதையும் அதே சாதிதான். எங்க பக்கத்து வீட்டு சார்கிட்ட போன்ல ஒருத்தன் உங்க காசு 12 லட்சம், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் 3500 கட்டுங்கன்னான், கட்டுனாரு, அப்புறம் ஜிஎஸ்டின்னான், அதையும் கட்டுனாரு. ரிசர்வ் பேங்க் பேரையும் லோகோவையும் காட்டித்தான் ஏமாத்துனான். பழைய காசு நோட்டு வாங்கி விக்கிற சோலியே எங்களுக்கு கெடையாது, கமிஷன் எதுவும் கேக்க மாட்டோம்னு ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்ட்ல அறிவிப்பு குடுத்துச்சு. காசு விக்கிறவன் பணம் வாங்கணும், கட்டக்கூடாது. இத சுவத்துல எழுதி வைங்க.

சில்லறை_சுமதி:
எல்லாரும் கொஞ்சம் இருங்கப்பா, காசப் பத்தி பேசுவோம். இது எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சாத்தான் எரர் எங்க நடக்க முடியும்னு தெரியும். ரெண்டாம் உலக யுத்த காலத்துல செம்புக்கு கடும் தட்டுப்பாடு, ஊர் பூரா சில்லறைப் பஞ்சம் வேற. அதுக்கு முன்னாடி இருந்த காலணா 4.8 கிராமுக்கு மேல, நல்ல கனமா, ராஜா தலையோட. 1943ல அத மெலிசாக்கி சின்னதாக்கி நடுவுல ஓட்டையப் போட்டு 2 கிராமுக்கு கொண்டு வந்துட்டான். தலை போட எடமே இல்ல, அதான் வெறும் கிரீடம். 1947 வரைக்கும் இத அடிச்சாங்க. ஒரு ரூபாய்க்கு 64 காலணா, 1957 ஏப்ரல்ல நயா பைசா வர்ற வரைக்கும் அதான் கணக்கு.

இப்ப அடிக்கிற முறை. தகட்டுல வட்டமா பிளான்க் வெட்டுவாங்க, நடுவுல ஓட்டை போடுவாங்க, அதுக்கப்புறம்தான் ரெண்டு டைக்கும் நடுவுல வெச்சு அடிக்கிறது. முதல்ல ஓட்டை, அப்புறம் அடி, இத மனசுல வெச்சுக்கோ. அதனால ஓட்டை விழாத பிளான்க் டைக்குள்ள போறது நடக்கவே முடியாதது இல்ல, எரர்ராஜா சொல்றதுல அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனா அப்படி போயிருந்தா இலையும் நடு வட்டமும் ஒரே அடியில பதிஞ்ச ஒரே உலோகமா இருக்கணும். மிண்ட்டுக்குள்ள அடி விழுற வரைக்கும் நடந்தா எரர், வெளிய வந்தப்புறம் ஆசாரி பட்டறையில நடந்தா அது சேதாரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எடை, கனம், சத்தம் மூணையும் சொல்லு தம்பி. மார்பிள் தரையில வேண்டாம், விரல் நுனியில வெச்சு இன்னொரு காசால லேசா தட்டு.

வைகைக்கரையான்:
அக்கா, நகைக்கடை வச்சிருக்குற பிரண்டுகிட்ட நிறுத்தேன். 2.31 கிராம். பாட்டில்ல இருந்த சாதா ஓட்டைக் காலணா ரெண்டையும் நிறுத்தேன், ஒண்ணு 1.97, இன்னொன்னு 1.99. சத்தம் ஓட்டைக் காசு கணீர்ங்குது, இது தொப்புங்குது. அழுக்கு உள்ள இருக்குறதால அப்படி வருதோ?

எரர்ராஜா:
பாத்தீங்களா 2.31!! ஓட்டை இல்லாததுனால எடை கூட. ஜெனுயின். நான் சொன்னப்ப யாரும் கேக்கல.

லேத்து_பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். 22 வருசமா லேத்துல நிக்கிறேன், காசு சேக்குறது ஞாயித்துக்கெழம சோலி. ராஜா தம்பி, கூட இருந்தா போதாது, எவ்வளவு கூடன்னு பாக்கணும். இந்த ஓட்டையோட விட்டம் காசோட விட்டத்துல பாதிக்கு சத்த கம்மி. விட்டத்துல பாதிக்கு கம்மின்னா பரப்புல அஞ்சுல ஒரு பங்கு வரும். அப்ப ஓட்டை போட்ட காசு 2 கிராம்னா ஓட்டை போடாத பிளான்க் சுமார் இரண்டரை கிராம் நிக்கணும். கூட ஒரு 50 மில்லி கிராம் கொறஞ்சா தேய்மானம்ங்கலாம். இங்க கிட்டத்தட்ட 0.2 கிராம் காணோம், அதுவும் காணாம போன எடம் நடுவுல. யாரோ மெலிசா ஒரு தகட்ட வட்டமா வெட்டி உள்ள எறக்கியிருக்கான்னு என் கணக்கு சொல்லுது. வைகை, கட்டவிரல் நகத்த இலைகிட்ட இருந்து நடுவுக்கு மெல்ல இழுத்துப் பாருங்க, நகம் எங்கயாச்சும் தட்டுதா?

வைகைக்கரையான்:
தட்டுது பாய். கிரீடம் இருக்குற பக்கம் தெரியல, இலைப் பக்கம் சுத்தியும் சின்னதா பள்ளம் மாதிரி. அது டிசைன்னு நெனச்சேன்.

சில்லறை_சுமதி:
உன் 2வது போட்டோவ பெருசாக்கிப் பாத்துட்டுதான் வர்றேன். திட்டுனதுக்கு மாறா இப்ப அந்தப் புளிக்கு நன்றி சொல்லணும் போல. வெளி வளையம் செவப்பு கலந்த ரோஸ் நெறம், அது வெண்கலம். நடு வட்டம் மஞ்சளா பளபளங்குது, அது பித்தளை. புளி ரெண்டையும் ஒண்ணா தேய்ச்சாலும் ஒரே நெறத்துக்கு வராது. கருப்பு ஏறி இருந்த வரைக்கும் அது மறைஞ்சிருந்துச்சு. 10 மடங்கு லென்ஸ் இருந்தா எல்லைக்கோட்ட பாரு, அங்கங்க வெளிறுன ஈயப்பொடி மாதிரி புள்ளி தெரியும்னு நெனக்கிறேன்.

வைகைக்கரையான்:
நகைக்கடை பிரண்டு லென்ஸ் போட்டுப் பாத்துட்டு சிரிக்கிறான் அக்கா. சுத்தி ஒரு கோடு, மூணு எடத்துல சாம்பல் நெறத்துல பத்த வச்ச தடம் இருக்குங்குறான். கையால ராவுன கீறல் வட்டத்துக்கு வெளிய இலை மேலயும் ஓடுதாம். நல்ல வேலைக்காரன் பண்ணது, முன்பக்கம் கோடே தெரியாம இழைச்சிருக்கான்னு பாராட்டு வேற.

தாமிரபரணி_டேவிட்:
சோலி முடிஞ்சிட்டு. அஞ்சு லட்சம் அவுட்டு.

எரர்ராஜா:
போட்டோல அப்படி தெரியல அதான். மை மிஸ்டேக்.

லேத்து_பாய்:
பரவாயில்ல தம்பி, நானும் ஒரு தடவ ஏமாந்தவன்தான். ஒரு லக்கி காசு. தெரியாதவங்களுக்கு, முந்தின காசு டையில ஒட்டிக்கிட்டு வெளிய வராம, அது மேலயே அடுத்த பிளான்க் அடிபட்டா ஒரு பக்கம் ஒழுங்கா மேடாவும் மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில பாத்த மாதிரி எடவலமா மாறி பள்ளமாவும் விழும், அதத்தான் நம்மாளுக லக்கிங்குறாங்க. கோட்டை மைதானத்துக்குப் பக்கத்துல பழைய சாமான் விரிக்கிறவர்கிட்ட ஆசப்பட்டு வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து நிதானமா பாத்தா பள்ளம் விழுந்த பக்கத்துக்கு நேர் பின்னாடி மேடெல்லாம் நசுங்கிக் கெடக்கு. ரெண்டு காச சேத்து வைஸுல, அதான் பட்டறையில சாமான இறுக்கிப் புடிக்கிற கருவியில, கடிக்க விட்டு இறுக்கியிருக்கான். நெசமான லக்கியில நல்ல பக்கம் ஜம்முன்னு இருக்கணும், ஏன்னா அந்தப் பக்கம் ஒழுங்கான டைதானே அடிச்சுச்சு. தெனம் வைஸு புடிக்கிறவனே ஏமாந்தேன், நீங்க என்னத்துக்கு வருத்தப்படுறீங்க.

கொங்கு_நோட்டு:
ஓட்டைக் காலணாக்கு கூட பெறமாட்டேன்னு எங்க ஆத்தா என்னைய வையும். இங்க ஓட்டை இல்லைன்னா லட்சம்ங்கறாங்க, காலம் போன போக்குங்க.

சில்லறை_சுமதி:
வைகைத்தம்பி ஒரு நிமிஷம். 4வது போட்டோல எடைக்கு ஒப்பிட ரெண்டு ஓட்டைக் காசு வெச்சிருக்கியே, எடப்பக்கம் இருக்குறத மட்டும் கிட்ட எடுத்துப் போடு, ரெண்டு பக்கமும். அத தேய்ச்சியா?

வைகைக்கரையான்:
இல்லக்கா அது சாதாக் காசுதானேன்னு விட்டுட்டேன். இந்தாங்க போட்டோ. ஓட்டை கொஞ்சம் கோணலா இருக்கு, எவனோ ஆணி அடிச்சு ஒதுங்கிருச்சு போல.

சில்லறை_சுமதி:
தேய்க்கலையா, சாமி காப்பாத்துச்சு. பாய், நீங்க பாருங்க. நான் நெனக்கிறதத்தான் நீங்களும் நெனக்கிறீங்களா?

லேத்து_பாய்:
ஆமா அக்கா. இது ஆணி இல்ல. ஓட்டை கீழ்ப்பக்கமா நகந்திருக்கு. கீழ இலையோட உள்நுனி ஓட்டைக்குள்ள விழுந்து காணாம போச்சு, மேல ஓட்டைக்கும் இலைக்கும் நடுவுல பிறை மாதிரி வெறும் எடம் தெரியுது பாருங்க. மத்த காசுல அந்த எடமே இருக்காது, ஓட்டையில போயிருக்கும்.

ஒரு விசயம் யோசிங்க. ஓட்டையே இல்லாத கட்டிக் காசுல ட்ரில் போட்டு ஓட்டை எரர்னு சொல்லலாம். ஆனா ஏற்கனவே ஓட்டை இருக்குற காசுல ஓட்டைய ஒரு ஓரமா நகத்தி வைக்க உலகத்துல எந்த லேத்துக்காரனாலயும் முடியாது. நகத்தணும்னா பழைய ஓட்டைய அடைக்கணும், அடைச்சா அந்தப் பிறையில ஒட்டு தெரியும். இல்ல ஒரு பக்கமா அரத்தால ராவி பெருசாக்கணும், ராவுனா ஓட்டை முட்டை மாதிரி நீண்டுடும், எடையும் கொறையும். வைகை சொன்ன எடை 1.97, 1.99. எது எதோடது?

வைகைக்கரையான்:
கோணல் காசு 1.99 பாய். வெர்னியர் வச்சு ஓட்டைய நாலு பக்கமும் அளந்தேன், ஒரே அளவு, வட்டமாத்தான் இருக்கு. மத்த காசு ஓட்டை என்ன அளவோ அதே அளவு.

லேத்து_பாய்:
அப்ப முடிஞ்சுது. ஓட்டை போடுற பஞ்ச் உளிக்கு கீழ பிளான்க் ஒழுங்கா உக்காரல, ஒதுங்கி விழுந்திருக்கு, அப்புறம் அப்படியே அடிபட்டிருக்கு. ஓட்டையோட உதட்ட லென்ஸ்ல பாருங்க, மழுங்கி வழவழன்னு இருக்கும், அடி விழுறப்ப உலோகம் உள்ளுக்கு பிதுங்குன அடையாளம். பின்னாடி தொளச்சிருந்தா உதடு கூரா பிசிறோட இருக்கும், எழுத்த கத்தியால வெட்டுன மாதிரி வெட்டியிருக்கும்.

தாமிரபரணி_டேவிட்:
அப்போ இதான் எரர் காயினா? பாட்டில்ல சும்மா கெடந்ததா? அடேயப்பா.

சில்லறை_சுமதி:
ஆமா, நெசமான மிண்ட் எரர். ஆனா தம்பி கனவு காணாத, இந்த ஓட்டைக் காலணாவுல கோணல் ஓட்டை அபூர்வம் இல்ல, யுத்த அவசரத்துல கோடிக்கணக்குல அடிச்சது, அப்பப்ப கண்ணுல படும். சேக்குறவங்க சாதாக் காச விட கூடக் குடுத்து வாங்குவாங்க, சில நூறு கெடைக்கலாம். காசு அசலான்னு பாத்து தரம் போடுற வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பி பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வாங்குற செலவு காசு வெலைக்கு மேல போயிடும், அந்தப் பக்கம் போகாத. ஆசிட் இல்லாத பேப்பர் கவர்ல போட்டு வெய்யி. சென்னை வந்தா எழும்பூர் மியூசியத்துல நாணயம் இருக்குற பக்கம் ஒரு எட்டு போயிட்டு வா, நல்ல காசு எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகணும், அதுக்கப்புறம் கெட்டது தானா தெரியும்.

எரர்ராஜா:
ப்ரோ அந்த கோணல் ஓட்டைய 300க்கு தருவீங்களா? இங்கயே கேக்குறேன், தனி மெசேஜ் இல்ல 🙏

கொங்கு_நோட்டு:
350ங்க நானு.

தாமிரபரணி_டேவிட்:
அது கெடக்கட்டும், எனக்கு ஒண்ணு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ஏமாத்தணும்னு செஞ்சிருந்தா சரி. ஆனா இது பூசை அலமாரில இருந்திருக்கு, விக்கிறதுக்கு செஞ்சதில்ல. காலணா பெறாத காச எவனாச்சும் ஆசாரிகிட்ட கூலி குடுத்து அடைப்பானா?

லேத்து_பாய்:
நானும் அதத்தான் நெனச்சேன். இந்த ஓட்டைக் காச வாஷரா போட்டுப் பாத்திருக்கேன், கொழந்தைக்கு அரைஞாண்ல கோத்துப் பாத்திருக்கேன், ஓட்டைய அடைச்சு பாத்ததில்ல. வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா கேளுங்க.

வைகைக்கரையான்:
கேக்குறேன் பாய். அப்பத்தாவுக்கு 90க்கு மேல ஆச்சு, காது கேக்காது, ஆனா பழசு எல்லாம் நல்லா ஞாவகம் இருக்கும். நாளைக்கு ஊருக்கு போறேன்.

வைகைக்கரையான்:
அப்பத்தாகிட்ட கேட்டேன். காசக் கையில குடுத்த ஒடனே தெரிஞ்சிருச்சு, இத ஏண்டா எடுத்தன்னு ஒரே சத்தம். அது கல்யாணமாகி வந்தப்பவே அலமாரில இருந்துச்சாம், அதோட மாமியா சொன்னதாம் இது. எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன், சண்டைக்கு முன்னாடியே பர்மாவுக்கு செட்டியார் கடைக்கு கணக்கெழுதப் போனவரு. ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப ஊரு ஆளுக நெறைய பேரு நடந்தே வந்து சேந்தாங்களாம், இவரு வரல, கடுதாசியும் இல்ல. மாமியா அழகருக்கு நேந்துக்கிட்டு காசு முடியப் போயிருக்கு, கையில இருந்தது இந்த ஓட்டைக் காசுதான். ஓட்டை விழுந்தத சாமிக்கு முடியக்கூடாதுன்னு பக்கத்து வீட்டு ஆசாரிகிட்ட குடுத்து அடைச்சு வாங்குச்சாம். அவரு கூலி வாங்கலையாம்.

சில்லறை_சுமதி:
வந்தாராப்பா அவரு?

வைகைக்கரையான்:
வரலக்கா. வந்திருந்தா கோயில்ல சேத்திருப்பாகள்ல.

கொங்கு_நோட்டு:
350 கேட்டதெல்லாம் அந்த கோணல் காசுக்குத்தானுங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

லேத்து_பாய்:
அந்த அடைச்ச காச திரும்ப அங்கயே வைங்க வைகை. மஞ்சத்துணி இருக்கா?

வைகைக்கரையான்:
அத அன்னிக்கே அம்மா தொவைச்சு கரித்துணி ஆக்கிருச்சு பாய். அப்பத்தா வேற துணி மஞ்சள்ல நனைச்சு காயப் போட்ருக்கு, கொடியில கெடக்கு. ராஜா ப்ரோ, கொங்கு அண்ணே, கோணல் காசும் குடுக்கல, நானே வச்சுக்குறேன்.